ராஜாவுக்காக ஒரு பட்டினி

சிங்கராஜா இறந்து அன்றோடு ஒன்பது நாள். ஆலமர உச்சியிலிருந்து காட்டுக்குச் செய்தி சொல்லும் மைனா இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ராஜாவின் கடைசிக் கொட்டாவி தெற்கு நோக்கியதா, கிழக்கு நோக்கியதா என்று மட்டும் இரண்டு நாள் விவாதம் நடந்தது.

பெண்மான் ஒன்று மரத்தடிக்கு ஓடிவந்தது. "அண்ணே, அஞ்சலிக் கூட்டத்துல என் குட்டியைக் காணோம். ஒரு வார்த்தை அறிவிச்சிடுங்க."

"துக்கம் முடியுறவரைக்கும் வேற செய்தி கிடையாதும்மா."

மான் அழுதது.

"பாருங்கள், மானும் ராஜாவுக்காகக் கதறுகிறது!" என்று கூவியது மைனா.

மானுக்கு அழுகை நின்று எரிச்சல் வந்தது. "காதுல வெள்ளைப் புள்ளி உள்ள மான்குட்டி ஒண்ணு, ராஜாவை நினைச்சு ஒன்பது நாளா பட்டினி கிடக்குது. அதையாவது சொல்லுவீங்களா?"

மைனா உடனே சொன்னது. காடே தேடியது. கால் மணி நேரத்தில் யானை குட்டியைக் கொண்டுவந்து விட்டது. குட்டியின் வாய் நிறையப் புல்.

"பட்டினின்னியே! ராஜா மேல கொஞ்சமாவது மரியாதை இருக்கா?" என்று சீறியது மைனா.

"இவனோட அண்ணன்மார் மூணு பேரையும் தின்னது உங்க ராஜாதான். அதையும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மான் தன் குட்டியோடு நடந்தது.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "அடுத்து, ராஜா விரும்பி உண்டது என்ன? ஒரு தாய் மனம் திறக்கிறார்!"