தூங்காத கம்ப்யூட்டர்

"கச்சேரி சீசன் முடிஞ்சு ஒரு மாசமாச்சு. இன்னும் யாரு, ரெனிட்டா, இந்த இன்டர்நெட் பக்கத்தைப் பார்த்துண்டிருக்கா?"

சுஹாஸ் கேட்டபோது ரெனிட்டா ஜன்னல் வழியே அடையாற்றின் மேல் இறங்கும் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிநாட்டுல யாராவதா இருக்கும்" என்றாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இன்டர்நெட்டே ஊருக்குப் புதுசு. கூட்டம் வந்தால் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ள வேண்டும், கூட்டம் போனால் ஒவ்வொன்றாகத் தூங்க வேண்டும். இதுதான் சுஹாஸின் ஆராய்ச்சி. தவறாமல் அப்படித்தான் நடக்கும் என்று காகிதத்தில் கணக்காக நிரூபித்துவிட்டான். கண்ணாலும் பார்த்துவிட, எந்த சபாவில் யார் பாட்டு என்று மார்கழியில் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டான்.

கூட்டம் அள்ளியது. விழித்துக்கொண்ட கம்ப்யூட்டர்களில் வரிசையாகப் பச்சை விளக்குகள் எரிந்தன. மயிலாப்பூரில் யாரோ சுருதி சேர்க்க, இங்கே ஒரு விளக்கு கண் திறப்பதுபோல் ரெனிட்டாவுக்குத் தோன்றும். அந்த வெளிச்சத்தில்தான் இருவரும் காபி குடிப்பார்கள்.

பொங்கலுக்குப் பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. கடைசி ஒன்று மட்டும் அணையவில்லை. ஒரு நாள் முழுக்க யாரும் வராமல் இருந்தால்தான் அது தூங்கும். தினமும் யாரோ வந்தார்கள்.

"அது தூங்கிட்டா தீசிஸைக் கொடுத்துட்டு பிளேன் ஏறிடலாம்" என்பான் சுஹாஸ். கலிபோர்னியாவில் வேலை காத்திருந்தது.

அந்த யாரோ, ரெனிட்டாதான். முடிந்துபோன கச்சேரிகளை அடுத்த அறையிலிருந்து தினமும் திறந்து பார்ப்பாள். விளக்கு எரியும்வரை அவன் இங்கே இருப்பான். மாடவீதி ஐயர் வீட்டுப் பையனிடம் அதற்குமேல் கேட்க, சாந்தோம் கிறிஸ்தவப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

"கலிபோர்னியாக்காரா சீக்கிரம் வரச் சொல்றா. இல்லேன்னா வேலை கைநழுவிடும்" என்றான் சுஹாஸ், அவளைப் பார்க்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் கனவையல்லவா பிடித்து வைத்திருக்கிறாள்!

மறுநாள் அவள் வேலைக்கே போகவில்லை. மாலையில் பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தாள். வானமும் கடலும் ஒரே நீலமாகக் கரைந்தன. தூரத்தில் படகு விளக்குகள் மிதந்தன. அங்கே அந்தப் பச்சை விளக்கு இந்நேரம் அணைந்திருக்கும் என்று நினைத்ததும் கண் கலங்கியது.

அடுத்த நாள், வாழ்த்துச் சொல்ல மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவன் அறைக்குள் நுழைந்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நேத்தும்... யாரோ வந்தாங்களா?"

சுஹாஸ் திரும்பினான்.

"இத்தனை நாளா உன் ரூம்லேர்ந்துதான் வந்துண்டிருந்தது. முதல் நாளே எனக்குத் தெரியும்" என்றான். "நேத்து நீ வரலை. அதான், நானே பக்கத்தைத் திறந்தேன்."