எட்டுத் தடவை

முன்னொரு காலத்தில் எல்லாம் இல்லை, போன வாரம்தான். ஒரு ஊரில் ஒரு அண்ணன், ஒரு தம்பி. இருவருக்குமாக ஒரு கண்ணாடிக் கடை.

தம்பிக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஏனென்று அவனுக்கே தெரியாது. அண்ணனுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கண்ணாடியில் கட்டரை வைத்தால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் கோடு விட்டுப்போகும். தட்டும்போது கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அன்று காலை மூன்றாவது ஜன்னல் கண்ணாடி அப்படித்தான் போயிற்று.

"ஒரே ஒரு தடவை என்கூட ஆஸ்பத்திரிக்கு வாண்ணே," என்றான் தம்பி, சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே. "வீட்டு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"வரேன். உனக்கு ஒண்ணுமில்லன்னு அந்த டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவன், ஈசிஜி அறைப் பக்கம் மட்டும் வரவில்லை. "நீ போய்ப் படு. நான் இப்படியே உட்கார்ந்திருக்கேன்," என்று கோடியில் கிடந்த பெஞ்சுக்குப் போய்விட்டான்.

நர்ஸ் ஈசிஜி எடுத்துக் கொடுத்த தாளோடு இருவரும் டாக்டரம்மாவின் அறைக்குள் போனார்கள்.

"இதயத்துல ஒரு குறையும் இல்ல," என்றார் டாக்டரம்மா.

"கேட்டுக்கோடா. எதுக்குப் பயம்னு கேட்டா, அதுதான் தெரியலங்கறான் டாக்டரம்மா. பேயைப் பார்த்துப் பயந்தவன்கூட, பேயைப் பார்த்தேன்னு ஒரு காரணம் சொல்லுவான்."

"காரணமே இல்லாமலும் வரும்ங்க. உடம்பு ஆபத்துன்னு தப்பா நினைச்சுக்குது, அவ்வளவுதான். அந்த நேரம் எதிர்த்துச் சண்டை போடாம, மூச்சை நிதானமா வெளியே விட்டுட்டு உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல அடங்கும். மேல்மாடியில மனநல டாக்டர் இருக்காங்க. சீட்டு எழுதித் தரேன்."

"மனநலமா? எங்க குடும்பத்துல அந்த மாதிரி யாரும் கிடையாது."

தம்பி அண்ணனைப் பார்க்காமலே பேசினான். "நான் போறேன் டாக்டர். நெஞ்சு அடிச்சுக்கிட்டாலும் புத்தி தெளிவா இருக்கு. அந்த ஒரு தைரியத்துலதான் காலையில எழுந்திரிக்கிறேன். அது இருக்கறப்பவே சரி பண்ணிக்கணும்."

டாக்டரம்மா சிரித்தார். சீட்டை எழுதி நீட்டிவிட்டுக் கோப்பைப் புரட்டினார்.

"ஆனா இனிமே சும்மா சும்மா ஈசிஜி எடுக்க வரக்கூடாது. இதோட எட்டுத் தடவை ஆச்சு."

"எட்டா? அஞ்சுதான் டாக்டர்."

"எட்டுத் தாள் இருக்கே. எல்லாம் உங்க பேர்லதான். இதோ, செவ்வாய்க்கிழமைகூட வந்திருக்கீங்க."

"செவ்வாய்க்கிழமை நான் கடையைவிட்டு நகரவே இல்லையே. அண்ணே, நான் கடையிலதானே இருந்தேன்?"

அண்ணன் மேஜைமேல் இருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைத் திருப்பி வைத்தான்.

"எனக்கென்னடா தெரியும், நான் வெளியே போயிருந்தேன். பூட்டிட்டு வந்திருப்ப. மறந்திருக்கும்."

தம்பி தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். எட்டிலும் அவன் பெயர். ஒரே கையெழுத்து. வியர்வை காதோரமாக இறங்கியது. மூச்சை நிதானமாக விடச் சொன்னது அவனுக்கு நினைவில் இருந்ததா, தெரியாது. வாயைத் திறந்துகொண்டு காற்றைத் தேடினான்.

"மறதியும் உண்டா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா எதையோ எழுதினார்.

"இதுவரைக்கும் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கையிலிருந்த சீட்டை மேஜைமேல் வைத்தான். "இது வேணாம் டாக்டர். வந்து படுத்துட்டுப் போனதே ஞாபகம் இல்லன்னா, நீங்க சொல்ற பயம் இல்ல இது. முத்திப்போச்சு."

"அப்படியெல்லாம் நீங்களே முடிவு பண்ணாதீங்க, உட்காருங்க."

அவன் உட்காரவில்லை.

அறைக்கு வெளியே வந்ததும் இடுப்பிலிருந்து கடைச் சாவியை அவிழ்த்து அண்ணன் கையில் வைத்தான். "இனிமே கட்டரை நான் தொடல. இதையும் நீயே வெச்சுக்கோ. எங்கே போறேன், எப்ப வரேன்னு எனக்கே தெரியல. சின்னப் பசங்க இருக்கற வீடு. ராத்திரி என் ரூமை வெளியே தாழ் போட்டுடச் சொல்லு அண்ணிகிட்ட."

அண்ணனுக்கு என்னவோ வாய்வரை வந்தது.

"சரி சரி, போய் வண்டிகிட்ட நில்லு. பணம் கட்டிட்டு வந்துடறேன்," என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தம்பி போய் நின்றான். ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்து வந்ததும் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

ஈசிஜி அறைக் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, இங்கேயே நிக்கறீங்க? உள்ளே யாரும் இல்ல, வாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாருக்கும் தெரியாது. போன மூணு தடவை மாதிரியே தம்பி பேர்லயே எழுதிடறேன்."

அண்ணன் ஜன்னலை ஒரு தடவை பார்த்தான். பிறகு மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான்.