அமைதிக் கூட்டத்தில் ஓர் அமளி

2006 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. காலையில் வெயில் கொளுத்தியது. பிற்பகலில் வானம் மூடிக்கொண்டு, பெய்யாமலேயே புழுங்க வைத்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிய வட்டாட்சியராக வந்திருந்த சந்திரகலாவுக்கு இதுவே முதல் அமைதிக் கூட்டம்.

ஞாயிறன்று அம்மன் ஊர்வலம். அது பள்ளிவாசல் சந்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். பொறுப்பேற்ற கையோடு ஊரில் கலவரம் மூண்டுவிடக் கூடாதே என்ற கவலையோடு அவர் அமர்ந்திருந்தார்.

அஞ்சியது போலவே நடந்தது.

"போன வருசம் இருட்டுல உங்காளுங்க எங்க பள்ளிவாசல் கேட்டை இடிச்சாங்கோ. இல்லன்னு சொல்லு பாக்கலாம்!" என்று மேசையைத் தட்டினார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஹயாத் பாஷா.

"இருட்டுல யாரு இடிச்சதுன்னு உனக்கு எப்படித் தெரியும் பாய்? உன் கண்ணு இன்னா டார்ச் லைட்டா?" என்று துள்ளி எழுந்தார் கோயில் தர்மகர்த்தா அப்பாவு.

துண்டு பறந்தது. தொப்பி சரிந்தது. காவல் உதவி ஆய்வாளர் நடுவில் புகுந்தார்.

இருட்டுதான் வினை என்பது சந்திரகலாவுக்குப் பளிச்செனப் புலப்பட்டது. உடனே தொலைபேசியை எடுத்தார். சனிக்கிழமைக்குள் சந்து நெடுக ஐந்து விளக்குகள் எரிய வேண்டும் என்று ஆணையிட்டார்.

குழாயைத் திருகி மூடியது போலச் சண்டை நின்றது. இருவரும் வணங்கி விடைபெற்றனர்.

பெருமை தாங்காமல் சந்திரகலா சன்னலருகே சென்றார்.

கீழே இருவரும் ஒரே மொபெட்டில் ஏறிக்கொண்டிருந்தனர்.

"இன்னா மச்சான், கொஞ்சம் ஓவராப் பூட்டேனா?" என்றார் அப்பாவு.

"தொப்பிய ஏன்யா தள்ளுன? ஒத்திகையில அது இல்லியே!"

பின்னால் அலுவலக உதவியாளர் மோசஸ் செருமினார்.

"ரெண்டு பேரு பொண்ணுங்களுக்கும் சிப்காட்ல செகண்ட் ஷிப்ட்டும்மா. ராத்திரி அந்தச் சந்துலதான் ஊட்டுக்கு வரணும். நாலு வருசமா ஒண்ணா வந்து மனு குடுத்தாங்கோ. ஒத்துமையா இருக்குற ஊராச்சே, யாரும் கண்டுக்கல."

சந்திரகலா மறுபடியும் தொலைபேசியை எடுத்தார். மோசஸின் முகம் வாடியது.

"அஞ்சு லைட்டுன்னு சொன்னேன்ல?" என்றார் அவர், குரலைக் கடுமையாக்கிக்கொண்டு. "இங்க நெலம ரொம்ப மோசம். எட்டா போட்டுடுங்க."

கூட்டம் இனிதே நிறைவுற்றபோது மாலை மணி 4.35.