மாத்திரை உண்டியல்

மாத்திரைப் பெட்டிக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

மெடிக்கல் ஷாப்பைத் திறக்க வந்த தேவிப்ரியா வாசலில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள். குங்குமம் மட்டுமா? விபூதிப் பட்டை, ஒரு முழம் கதம்பம். ‘வீட்டில் மீந்த மாத்திரைகளை இதில் போடுங்கள்’ என்று அவள் ஒட்டிய தாள் பூவுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆந்திராக் குடும்பம் ஒன்று நின்றது. அந்த அம்மாள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் ஒரு காசு போட்டார்.

“இது எந்தச் சாமிம்மா?” என்றார் பாதித் தெலுங்கில்.

“சாமி இல்லீங்க. மாத்திரை, மாத்திரை.”

அவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு இன்னொரு காசு போட்டார்.

பெட்டி அவளுடைய யோசனைதான். போன மாதம் பக்கத்துத் தெருவில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன், அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கி மிச்சமிருந்த வலி மாத்திரைகளைப் போதைக்காகத் தின்றுவிட்டு வகுப்பிலேயே சுருண்டு விழுந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். உடனே தெரு நலச் சங்கம் கூட்டம் போட்டது. பிள்ளைகள் குடி, மாத்திரை என்று போகாமல் எப்படித் தடுப்பது என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

தேவிப்ரியா எழுந்தாள். “வேண்டாத மாத்திரை வீட்ல கிடந்தாதானே எடுப்பாங்க? ஒரு பெட்டி வைக்கலாங்க. விழறத நான் ஆஸ்பத்திரியில ஒப்படைச்சுடறேன்.”

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்திலிருந்து பார்மசி படித்து வந்தவள். அவள் வீட்டில் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசிய முதல் ஆள் அவள்தான்.

சங்கத் தலைவர் அருணகிரி பாத்திரக்கடைக்காரர். விற்காமல் கிடந்த ஓர் எவர்சில்வர் உண்டியலைத் தூக்கிக் கொடுத்தார்.

“இந்த மாசம் பாப்போம். ஒண்ணும் விழலன்னா திருப்பிக் குடுத்துடும்மா.”

குருக்கள் வீட்டு ஹைமவதி மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. “நம்ம தெருவுல எந்தாத்துப் பிள்ளைடி மாத்திரை திங்கறது? எங்காத்துப் பிரதோஷ் காபியைக்கூடத் தொடமாட்டான். பெட்டிய வெச்சு மானத்தை வாங்காதே.”

மாமி வாய்முகூர்த்தமோ என்னவோ, இரண்டு வாரமாகியும் ஒரு மாத்திரை விழவில்லை. பெட்டிக்கு அருகில் வந்தவர்கள்கூட, எதிர் டீக்கடையிலிருந்து யாராவது பார்த்தால், செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

இப்போது இந்தக் குங்குமம்.

ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் காலையில் புதுக் குங்குமம், புதுக் கதம்பம். மறுபடியும் துடைத்தாள்.

பூக்கூடையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஹைமவதி மாமி அதட்டினாள். “ஏண்டி, நன்னா இருக்கணும்னு ஆசையே இல்லையா நோக்கு? குங்குமத்தைப் போய் அழிக்கறியே.”

அதற்குமேல் துடைக்கத் தேவிப்ரியாவுக்குத் தைரியம் வரவில்லை.

மாதக் கடைசியில் அருணகிரி வந்தார். முகம் சரியில்லை.

“ஏம்மா, மாத்திரைப் பெட்டின்னு கேட்டுட்டு இங்க என்ன, காணிக்கை வசூல் நடக்குது? கோயில்காரங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“குங்குமம் நான் வைக்கலங்க.”

“பின்ன, அண்ணாமலையாரே எறங்கி வந்து வெச்சிட்டுப் போனாரா? தொற. இன்னிக்கே எடுத்துடலாம்.”

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து சூழ்ந்தார்கள். தேவிப்ரியா பூட்டைத் திறந்து பெட்டியைச் சாய்த்தாள். கலகலவென்று சில்லறை கொட்டியது.

“சம்பளத்தைவிட இது ஜாஸ்தி போலிருக்கே” என்றார் டீக்கடை இராமலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

தேவிப்ரியாவுக்கு அழுகை முட்டியது. பெட்டியை அப்படியே கவிழ்த்தாள்.

சில்லறைமேல் பொதபொதவென்று விழுந்தன. தூக்க மாத்திரை, வலி மாத்திரை, பாதி கிழித்த அட்டைகள், விபூதிப் பொட்டலம்போலக் காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரைகள்.

சிரிப்பு நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பொட்டலம் இருந்தது. அருணகிரி பிரித்தார். மூடி திறக்காத ஒரு குவார்ட்டர் பாட்டில். பெட்டியின் வாய்க்குள் நுழையாததால் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றியிருந்தது பள்ளிக்கூட நோட்டுத் தாள்.

“பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி” என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்தார். பிறகு தாளைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பெட்டி இங்கயே இருக்கட்டும்மா. சில்லறைய கோயில் உண்டியல்ல சேத்துடு. காசு போடாதீங்கன்னு தெலுங்குல மட்டும் ஒண்ணு எழுதி ஒட்டிடு.”

கூட்டம் கலைந்தது. தேவிப்ரியா பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துப் பூட்டினாள். பின்னால் ஹைமவதி மாமி நின்றுகொண்டிருந்தாள். கூடையிலிருந்து கதம்பத்தை எடுத்துப் பெட்டிக்குச் சாத்தினாள். குங்குமச் சிமிழைத் திறந்தாள்.

“மாமி, நீங்களா?”

“மாத்திரைப் பெட்டின்னா, உங்காத்துல யாருக்குடின்னு நாலு பேர் கேப்பா. உண்டியல்ல போட்டா எவ கேப்பா?”

“நம்ம தெருவுல அந்த மாதிரி யாரும் இல்லன்னீங்களே மாமி?”

மாமி டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இனிமேலும் இதைத் துடைச்சுடாதேடி. எங்காத்துல இன்னும் ரெண்டு அட்டை பாக்கி இருக்கு.”