பூரணனின் முந்நூறு கன்றுகள்

பண்ணைக் காளை பூரணனுக்குப் பிறந்த முந்நூறு கன்றுகளில் எந்த இரண்டும் ஒரே சாடையில் இல்லை. ஒன்றின் காது முறத்தளவு; இன்னொன்றின் திமிலில் குடமே வைக்கலாம். அச்சில் வார்த்ததுபோல் கன்று கேட்ட மேலாளர், பூரணனை அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அதை வளர்த்த சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எந்தக் காளையும் தன் அப்பன் குணத்தையும் ஆத்தா குணத்தையும் கலைச்சுக் கோத்துத்தாண்ணா கன்னுக்குக் குடுக்கும். இவன் ரொம்பக் கலைக்கறான். அந்தப் பழக்கமும் பரம்பரையா வந்ததுதான்" என்றார், அடிமாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட வந்த மாட்டு டாக்டர் கலாவதி.

"சரிங்க டாக்டரம்மா. இவன் கன்னுகள்ல வேண்டாம்னு கழிக்கறாப்புல எது இருக்குதுன்னு காட்டிப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சென்னியப்பன் கன்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார்.

மதியம், நாற்பத்து மூன்றாவது கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த டாக்டர் இன்னும் பேனா மூடியைக் கழற்றவில்லை.