உதவியா, அத்துமீறலா?

படையெடுப்பதற்கு முன் பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்பு வாங்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. அறம் தவறக் கூடாதல்லவா! இந்த முறை தலைப்பு, 'பக்கத்து நாட்டுக்குள் படை நுழைவது உதவியா, அத்துமீறலா?' நடுவர், பேராசிரியர் மாசிலாமணி.

அத்துமீறல் அணி அழுதே பேசியது. அரங்கம் கொட்டாவி விட்டது. வழக்கம்போல நடுவர் தம் வீட்டுக் கதையை எடுத்துவிட்டார்.

"எம் பொண்ணு எழிலை அந்த நாட்டுலதான் கட்டிக்குடுத்திருக்கேன். மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறா. நானும் போய்ப் பாத்துட்டேன், மீட்க முடியல. ராணுவமாவது போய் மீட்கட்டுமே!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்? 'உதவியே' என்று தீர்ப்பளித்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தும்போதே விமானங்கள் கிளம்பிவிட்டன.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது எழில் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, பட்டிமன்றத்த நாங்களும் டிவியில பாத்தோம். அத்தைதான் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் வீட்டு மேல குண்டு விழுந்துச்சுப்பா. அத்தை ஓடிவந்து எம்மேல கவுந்து படுத்துக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. அத்தையைத்தான் எழுப்பிக்கிட்டே இருக்கேன், எந்திரிக்க மாட்டேங்கிறாங்க."