பெயரில் ஒன்றும் இல்லாதவன்

“பேர்ல ஒண்ணுமே இல்லாதவன்கிட்ட என்னத்தம்மா கூட்டிக் கேக்கப்போற? பேசாம வீடு போய்ச் சேரு.”

முட்டாரே நகர நீதிமன்றத்தில், ஜீவனாம்ச வழக்குகள் நடக்கும் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு மசிம்பா இப்படி இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவள் பெயர் ருட்டெண்டோ. சற்றுமுன்தான் பழக்கம். மகனுக்காக அவன் அப்பன் மாதாமாதம் தரும் தொகையை உயர்த்தக் கேட்கும் மனு, நிரப்பப்படாமல் அவள் மடியில் கிடந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சீருடைகூட எடுக்கவில்லை, ஆனால் அந்த மனிதர் தன் பேரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது என்கிறார், கேட்கலாமா வேண்டாமா என்றே தெரியவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.

“நீங்க எதுக்குண்ணே வந்திருக்கீங்க?”

குறைக்கச் சொல்லத்தான், என்றான் மசிம்பா பெருமையாக. ஆளைப் பார்த்தால் அன்றாடங்காய்ச்சி போலத்தான் தெரிந்தது. காலர் கிழிந்த சட்டையை அதற்காகவே தேடிப் போட்டிருந்தான். சென்ட்டை மட்டும் விட மனசு வரவில்லை போலும், பெஞ்சே மணத்தது.

பிரிந்துபோன மனைவி அவன் காசில் மாடமாளிகை கட்டுகிறாளாம். மூன்று பிள்ளைகள்தானே, என்ன யானையா வளர்க்கிறாள் என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். பெற்ற பிள்ளைகளின் வயிற்றில் அடிப்பதில் இத்தனை குஷி எல்லாருக்கும் வாய்த்துவிடாது.

“கோர்ட்டு உன் அழுகையப் பாக்காதும்மா, காகிதத்தைத்தான் பாக்கும். எனக்கு மூணு வேன் ஓடுது. போன மாசமே மூணையும் தம்பி பேருக்கு மாத்திட்டேன். அவன் ஒரு அப்பாவி. கல்யாணமும் இல்ல, குட்டியும் இல்ல. கையெழுத்துப் போடுன்னா போடுவான். அவன்கிட்ட வந்து யாரு என்ன கேக்கப்போறா?”

பையிலிருந்து காகிதங்களை எடுத்து அவளிடமே காட்டினான். அவள் நிதானமாக இரண்டு தடவை படித்தாள். தன் ஆளும் இப்படி எதையாவது செய்திருப்பாரோ என்னவோ, மாதிரிக்குக் குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

“நல்லா எழுதிக்கோ. அப்பவாவது எங்க சாமர்த்தியம் உங்களுக்குப் புரியட்டும்.”

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே பைபிளின் மேல் கை வைத்து, அந்த வேன்களில் ஒரு டயர்கூடத் தன்னுடையதில்லை, அத்தனையும் தம்பி சொந்தமாகச் சம்பாதித்தது என்று கூசாமல் சத்தியம் செய்தான். மாஜிஸ்திரேட் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார், அதையெல்லாம் அப்படியே பதிந்துகொண்டார், தொகையைப் பாதியாகக் குறைத்தார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மசிம்பா வெளியே வந்தபோது ருட்டெண்டோ மனுவை நிரப்பி முடித்திருந்தாள்.

“வேணாம்னு சொன்னேனே, கேக்கலையா?” என்றான் இளக்காரமாக.

“நீங்க சொன்னதைக் கேட்டுத்தாண்ணே எழுதினேன். நம்பர் எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

வாங்கிப் பார்த்தான். மூன்று வேன்களின் எண்களும் ஒரு பிழையில்லாமல் இருந்தன. அதற்கு மேலே, பிள்ளையின் தகப்பன் என்ற இடத்தில், அவன் தம்பியின் பெயர் இருந்தது.